ஒரு பிடி மண்ணுக்கு ஒரு எஃப்.ஐ.ஆர்.

போன வாரம் வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பஞ்சவர்ணம்.

வாரத்தில் இரண்டு நாள் கடற்கரையிலிருந்து பஸ் ஏறி, அறந்தாங்கியில் எங்கள் தெருவுக்கு நண்டு கொண்டு வருபவள் பஞ்சவர்ணம். ஆறு வருஷப் பழக்கம். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் நண்டு வலை போடுகிறவர். அவர் கொண்டு வரும் வலையிலிருந்து நண்டைக் கழற்றுவதும், அதைப் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு வந்து விற்பதும் இவள் வேலை. நண்டுப் பாத்திரத்தை ஏற்ற மாட்டேன் என்கிற கண்டக்டர்களோடு சண்டை போடுவதும் இவள் வேலைதான். எதற்கும் அசராத குரல்.

அன்றைக்கு அந்தக் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, என்னைய ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிருக்காக. நான் பேசுனது வெறுப்புப் பேச்சாம். நீங்களும் கொஞ்சம் வாரீங்களா?"

"நான் எதுக்கு பஞ்சவர்ணம்?"

"நீங்க எழுதுன பேப்பரத்தான் மனுவோட சேத்து வச்சுருக்காகளாம்."

கையில் புளி சொட்டச் சொட்ட நின்றேன். நான் எழுதியதா? பஞ்சவர்ணத்துக்கு எதிராகவா?

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கோபப்படலாம். நிறையக் கோபப்பட வேண்டியிருக்கிறது.

எங்கள் மாவட்டக் கடற்கரையில் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் வாரத்தில் நாள் பிரித்து வைத்திருக்கிறார்கள். இவர்கள் போகும் நாளில் அவர்கள் போகக் கூடாது. அதோடு, கரையிலிருந்து இத்தனை தூரத்துக்குள் விசைப்படகு வலை இழுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. காரணம் இதுதான். நண்டு வலை ஒரே இடத்தில் கடலடியில் கிடக்கும். மேலே மிதவை மட்டும் தெரியும். அதன் மேல் விசைப்படகு இழுத்துக்கொண்டு போனால் வலை நாராகிவிடும்.

அப்படித்தான் ஆயிற்று. முந்தின நாள் சாயங்காலம் போட்டுவிட்டு வந்த வலையை எடுக்க, பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் விடிந்ததும் போனார். இரண்டு மிதவையும், முழ நீளத்துக்குக் கயிறும்தான் மிச்சம். இந்த வருஷத்தில் இது மூன்றாவது தடவை. மனுக் கொடுக்க வேண்டிய இடங்களிலெல்லாம் மனுக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். பார்க்கிறோம் என்றார்கள். இன்னமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்...

அந்த அறுந்த கயிற்றைக் கரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன தோன்றியதோ, எழுந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். தண்ணீர் ஓரத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

மண் தூற்றுவது என்றால் என்னவென்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, கேட்க நாதியில்லை என்று ஆன பிறகு வயிறெரிந்து மண்ணை வீசிச் சாபம் விடுகிற காரியம் அது. அவர்கள் ஊரில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மண் தூற்றும்போது யார் பெயரையும் சொல்லக் கூடாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. 'எவன்' என்றுதான் சொல்ல வேண்டும். பெயர் சொல்லி, அந்த ஆள் செய்யாதவனாக இருந்துவிட்டால், தூற்றிய மண் சொன்னவள் தலையிலேயே வந்து விழும். அதனால் அந்த எச்சரிக்கை. செய்தவன் யாரோ, அவனைத் தேடிப் போகும் வேலை மண்ணுடையது.

"எவன் என் வலைய அறுத்தானோ, அவன் வலையில ஒத்த நண்டு ஏறக் கூடாது. அவன் போட்ட கயிறு அவன் காலையே சுத்தணும். எங்க வீட்டுல இன்னிக்கி அடுப்பு எரியல. அவன் அடுப்பும் அணையணும்."

இவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இல்லை. ஈர மண் என்பதால் பறக்கவும் இல்லை. பொத்தென்று அவள் காலடியிலேயே விழுந்தது.

கரையில் யாரோ அதைப் போனில் பிடித்தார்கள். பிடித்தவர் வாட்ஸ்அப்பில் போட்டார். வாங்கியவர் அடியில் ஒரு சோக மியூசிக் சேர்த்தார். இன்னொருவர், 'விசைப்படகு மீனவர்களுக்குச் சாபம் விட்ட பெண்... கடற்கரையில் பரபரப்பு' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு வைத்தார். கடற்கரையில் அன்றைக்கு ஒரு பரபரப்பும் இல்லை. நண்டுதான் இல்லை.

மூன்றாம் நாள் ஒரு விசைப்படகு உரிமையாளர் ஸ்டேஷனில் மனுக் கொடுத்தார். அவர் பெயர் வேண்டாம், மனுதாரர் என்றே வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரும் வேண்டாம். ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். எழுதினால் அடுத்த மனு என் மேல்தான் வரும்.

நானும் பஞ்சவர்ணமும் போய்ச் சேர்ந்தபோது மனுதாரர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வாசலில் வெள்ளைக் கார். அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் நின்றாள். எனக்கும் ஒரு நாற்காலி வந்தது. பத்திரிகையில் எழுதுகிறவள் அல்லவா? அந்த நாற்காலியில் உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். மரியாதையானவர். கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மனுவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நல்ல தமிழில் டைப் அடித்த மனு. 'மேற்படி நபர் பொதுவெளியில், விசைப்படகுத் தொழில் செய்யும் எங்கள் பிரிவினர் கடலில் அழிய வேண்டும் எனப் பேசி, இரு தரப்பு மீனவர்களிடையே பகைமையையும் வெறுப்பையும் தூண்டியுள்ளார்.' கீழே சட்டப் பிரிவு. அதற்கும் கீழே, இணைப்பு ஒன்று: வீடியோ. இணைப்பு இரண்டு... நான்.

என் பத்திதான். இதே பக்கத்தில் நான்கு மாதம் முன்பு எழுதியது. ஜெராக்ஸ் எடுத்து, ஒரு வரிக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். 'நாக்கில் விஷம் வைத்திருப்பவர் எளியவரா, பெரியவரா என்று பார்க்காதீர்கள். பிடித்து உள்ளே தள்ளுங்கள். அதற்கு இருக்கும் சட்டம் போதாதென்றால் புதுச் சட்டம் கொண்டு வாருங்கள்.'

"நீங்களே எழுதிருக்கீங்க மேடம்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது.

அந்தப் பத்தியை நான் எதற்கு எழுதினேன் என்று தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பக்கத்து ஊர்ச் சந்தையில் காதர் பாய் என்று ஒருவர் இருபது வருஷமாகப் போர்வை, துண்டு விற்கிறார். ஒருநாள் சந்தை முழுக்க ஒரு நோட்டீஸ். இன்னாருடைய கடையில் வாங்காதீர்கள், அவர்கள் நம்மவர்கள் இல்லை என்று. அடித்தவர் பெயர் இல்லை. அடுத்த வாரம், இருபது வருஷமாக அவரிடம் துண்டு வாங்கியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அவர் கடையைத் தாண்டிப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, ஆத்திரத்தில் எழுதினேன்.

காதர் பாய் கொடுத்த புகார் என்ன ஆயிற்று? விசாரணையில் இருக்கிறது. நான்கு மாதமாக இருக்கிறது. நோட்டீஸ் அடித்த பிரஸ் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். பஞ்சவர்ணத்தைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று? ஒரே நாள்.

'எளியவரா, பெரியவரா என்று பார்க்காதீர்கள்.' இதை ஏன் எழுதினேன் தெரியுமா? படிக்க நன்றாக இருந்தது. ஓசை நயமாக இருந்தது. வேறு ஒரு காரணமும் இல்லை. என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது, அந்த நாற்காலியில்.

"சார், இந்தச் சட்டம் மதம், சாதி, மொழின்னு சொல்லி வெறுப்பத் தூண்டுறவங்களுக்குத்தானே? இதுல எங்க சார் வருது அதெல்லாம்?" என்றேன்.

அவர் சட்டப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். மதம், இனம், பிறந்த இடம், வசிப்பிடம், மொழி, சாதி என்று வரிசையாகப் போகிறது. கடைசியில் ஒரு வால் இருக்கிறது. 'அல்லது வேறு எந்தக் காரணத்தினாலும்.'

வேறு எந்தக் காரணத்தினாலும்! இதற்குள் எது அடங்காது? மாடி வீட்டுக்காரர் மேலேயிருந்து தண்ணீர் கொட்டியதற்கு நான் கத்துவது அடங்கும். பஸ்ஸில் நண்டை ஏற்றாத கண்டக்டரைப் பஞ்சவர்ணம் திட்டுவது அடங்கும். இன்னும் கடுமையாகத் தனிச் சட்டம் வேண்டும் என்று கொடி பிடித்தவள் நான். இருக்கிற சட்டத்தின் கடைசி நான்கு வார்த்தைகளைப் படித்ததில்லை. எத்தனை பேர் படித்திருப்போம்?

சப்-இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், வீடியோ ரொம்பப் பரவிருச்சு. மேல இருந்து கேக்குறாங்க. ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டா சமாதானமா முடிச்சுருவேன். இவரும் மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்றாரு. இல்லைன்னா எஃப்.ஐ.ஆர். போட்டுத்தான் ஆகணும். ஜாமீன் வாங்கணும், புதுக்கோட்டைக்கு அலையணும், தினம் இங்க வந்து கையெழுத்துப் போடணும். காலையில பத்தரை மணிக்கு. பாவம், பொம்பளை அலைய முடியாது."

பத்தரை மணி. படகு கரைக்கு வந்து, வலையிலிருந்து நண்டைக் கழற்றும் நேரம். அந்த நேரத்தில் அவள் ஸ்டேஷனில் நின்றால், நண்டைக் கழற்ற ஆள் இல்லை. கழற்றாத நண்டு செத்துப் போகும். செத்த நண்டை யார் வாங்குவார்கள்?

ஒரு வெள்ளைத்தாள் வந்தது. "மேடமே எழுதிருங்க. ஒங்களுக்குத் தமிழ் நல்லா வரும்ல."

இங்கேதான் நான் இன்னொரு தப்புச் செய்தேன். எழுதினேன்.

ஆமாம். நான்தான் எழுதினேன். கருத்துச் சுதந்திரம் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை வாரம் முழங்கியிருக்கிறேன்! ஸ்டேஷன் மேஜையில் பேனாவைக் கொடுத்ததும், கையெழுத்து அழகாக வர வேண்டுமே என்று கவனமாக எழுதினேன். 'நான் இட்ட சாபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் பேச்சால் மனம் புண்பட்ட அனைவரிடமும் மன்னிப்புக் கோருகிறேன்.' எழுதி முடித்து அவள் பக்கம் தள்ளினேன்.

"போட்டுட்டுக் கெளம்பு பஞ்சவர்ணம். ரெண்டு வரிதான்."

அவள் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டி, நிதானமாகப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எப்புடிக்கா திரும்ப வாங்குறது?"

"என்ன?"

"சாபத்த. எப்புடித் திரும்ப வாங்குறதுன்னு கேக்குறேன். நான் பேரு சொல்லி விடலையே. 'எவன்'னுதானே சொன்னேன். யாருகிட்டப் போயித் திரும்பக் கேக்குறது?"

அவள் மனுதாரரிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. தெருவில் நண்டு வாங்கும்போது 'இன்னும் ரெண்டு போடவாக்கா' என்று கேட்பாளே, அதே குரல்தான்.

"அண்ணே, என் வலைய ஒங்க போட்டா அறுத்துச்சு?"

"ஏய், என்ன பேசுற? எங்க போட்டு அங்கிட்டு வரவே இல்ல."

"வரலைல்ல?"

"வரல."

"அப்ப ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே. அது ஒங்களச் சேராது. தைரியமாப் போங்க."

மனுதாரர் நாற்காலியில் தள்ளி உட்கார்ந்தார். பஞ்சவர்ணம் விடவில்லை.

"இல்ல, ஒங்க போட்டுத்தான் அறுத்துச்சுன்னா அதச் சொல்லுங்க. சார் முன்னாடி சொல்லுங்க. இப்பவே இந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடுறேன். கடக்கரைக்குப் போயி, தலை முழுகி, ஒங்க பேரச் சொல்லியே திரும்ப வாங்கிக்கிறேன்."

மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஏட்டுக்கு இருமல் வந்துவிட்டது. எழுந்து வெளியே போனார். சப்-இன்ஸ்பெக்டர் சட்டப் புத்தகத்தில் எதையோ தேடினார். அந்தப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

மனுதாரர் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "என்ன சார் இது, ஸ்டேஷனுக்குள்ளயே வச்சு என்னையக் கேள்வி கேக்குறா? கேஸப் போடுங்க சார். போடலைன்னா நான் மேல போவேன்" என்றார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

பஞ்சவர்ணம் தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "மனுக் கொடுத்தேன், ஒருத்தரும் கேக்கல. மண்ணத் தூத்துனேன், எல்லாருக்கும் கேட்டுருச்சு. இதையும் திரும்ப வாங்கிட்டா எனக்கு வேற என்னக்கா இருக்கு?"

சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள்.

ஒரு வக்கீல் தோழி ஓடியாடி முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். நிபந்தனை: மறு உத்தரவு வரும் வரை தினமும் காலை பத்தரை மணிக்குக் கையெழுத்து. திங்கட்கிழமை எங்கள் தெருவுக்கு நண்டு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. எதிர் வீட்டு அம்மா கேட்டார்: "ஒங்க நண்டுக்காரி ஏன் வரல?" எழுதியிருக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

வலை அறுத்தது யார்? அதை யாரும் விசாரிக்கவில்லை. மூன்று முறை வலை அறுத்தவன் மேல் ஒரு காகிதம்கூட இல்லை. அதற்கு வயிறெரிந்தவள் மேல் வழக்கு. ஒரு வீட்டின் பிழைப்பை நாசமாக்கினால் குற்றமில்லை, 'நீ நாசமாகப் போ' என்று சொன்னால் குற்றம் என்றால், இந்தச் சட்டம் யாரைக் காப்பாற்ற வந்தது?

அப்படியானால் வெறுப்புப் பேச்சுக்குச் சட்டமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். காதர் பாயின் முகத்தைப் பார்த்தவள் நான். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நோட்டீஸை அடித்தவர்கள் தண்டிக்கப்பட வேண்டும். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் அந்த நோட்டீஸ், ஒன்றும் செய்யாத மனிதரை அவர் பிறப்பைச் சொல்லி ஒதுக்கியது. பஞ்சவர்ணம் தனக்கு அநியாயம் செய்தவனை, அவன் செய்ததைச் சொல்லிச் சபித்தாள். முதலாவது வெறுப்பு. இரண்டாவது வலி. இந்த வித்தியாசம் ஆறாம் வகுப்புப் படித்தவளுக்குத் தெரிகிறது. அதனால்தான் அவள் 'எவன்' என்றாள். சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை. 'வேறு எந்தக் காரணத்தினாலும்' என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

புதிதாக எந்தச் சட்டம் வந்தாலும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு முதலில் வருவது யார்? கார் வைத்திருப்பவர். டைப் அடிக்க ஆள் வைத்திருப்பவர். காதர் பாய் சைக்கிளில் வந்து சேர்வதற்குள் நாற்காலியெல்லாம் நிரம்பிவிடுகிறது. இதை யோசிக்காமல் 'உள்ளே தள்ளுங்கள்' என்று எழுதிவிட்டேன். பஞ்சவர்ணத்தைத் தள்ளப் பார்த்தார்கள்.

நான் எழுதிய அந்த மன்னிப்புக் கடிதம், மடித்த மடிப்போடு, என் மேஜை மேல்தான் இருக்கிறது. அடியில் கையெழுத்துக்கு விட்ட இடம் காலியாகக் கிடக்கிறது. இன்று காலை எடுத்து, சாபம் பற்றிய முதல் வரியை அடித்துவிட்டு, என் கையெழுத்தைப் போட்டேன். பஞ்சவர்ணத்திடம் கொடுப்பதற்கு. நாளைக்குப் பத்தரை மணிக்கு அவள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

போகிற வழியில் கடற்கரையில் இறங்கி ஒரு பிடி மண் அள்ளப் போகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். எவர் ஒரு சட்டத்தைக் கொண்டு எளியவர் வாயை அடைக்கிறாரோ, அவரைப் போய்ச் சேரட்டும்.

என்னைத்தான் சொன்னாள் என்று யாராவது மனுக் கொடுத்தால்... கொடுக்கட்டும், யாரென்று நமக்கும் தெரிந்துவிடும்.